பிஞ்சு மேனி – 9: கட்டி எவ்வளவு நேரமாச்சு?

பத்து மாதக் குழந்தை. மேசையில் படுக்கவைத்து டயப்பரைப் பிரித்ததுமே வீறிட்டது. புட்டம் இரண்டும் செக்கச்செவேலென்று பளபளத்தன.

"பழைய வேட்டித் துணியைக் கட்டுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன் டாக்டர். கேட்டாத்தானே" என்றார் பாட்டி. தாய் வாய் திறக்கவில்லை.

நான் தாயிடம் கேட்டது ஒன்றுதான். "இதைக் கட்டி எவ்வளவு நேரமாச்சும்மா?"

"ராத்திரி பத்து மணிக்கு. பாக்கெட்ல பன்னெண்டு மணி நேரம் தாங்கும்னு போட்டிருக்கே டாக்டர்?"

அப்போது காலை ஒன்பது. டயப்பர் தாங்கும்தான். அது சொல்வது சிறுநீர்க் கணக்கு. விடியற்காலையில் குழந்தை மலம் கழித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இந்தப் புண்ணுக்கு அம்மோனியாதான் காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1921இல் ஜே. வி. குக் என்ற அமெரிக்க மருத்துவர், சிறுநீரிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் பாக்டீரியாவை மலத்தில் கண்டார். பழி முழுவதும் அம்மோனியா மேல் விழுந்தது. 1986இல் பெர்க் குழுவினரின் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அம்மோனியா அந்த அமிலத்தைக் குறைத்துவிடுகிறது. உடனே மலத்திலிருக்கும் செரிமான நொதிகளுக்கு வேகம் வருகிறது. குடலில் புரதத்தையும் கொழுப்பையும் கரைத்த அதே நொதிகள், ஊறி மெலிந்த தோலைக் கரைக்கத் தொடங்குகின்றன. சிறுநீரும் மலமும் தனித்தனியே செய்யும் கெடுதலைவிட, சேர்ந்திருக்கும்போது செய்வது மிக அதிகம். வயிற்றுப்போக்கின்போது ஒரே நாளில் புண்ணாகிவிடுவதும் இதனால்தான். வேகமாக வெளியேறும் மலத்தில் நொதிகள் மிகுதி.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. துணி நனைந்தால் குழந்தை அழும், உடனே மாற்றுவோம். டயப்பர் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் தோல் ஓரளவு காய்ந்திருக்கும், நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் நனைந்த துணியோடு மூன்று மணி நேரம் கிடக்கும் குழந்தைக்கு டயப்பர் குழந்தையைவிடச் சீக்கிரம் புண் வரும். எதைக் கட்டினாலும் பகலில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பிரித்துப் பாருங்கள். மலம் கழித்தால் அந்த நிமிடமே மாற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் பாயில் விடுங்கள். பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்பைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் கனமாகப் பூசுங்கள். அடுத்த முறை அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கான மேல்படலத்தை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி பூசினால் போதும். பவுடர் வேண்டவே வேண்டாம். பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குப் போகும்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். ஈரத்தால் வரும் சிவப்பு, டயப்பர் உரசும் மேடுகளில்தான் இருக்கும். தொடை மடிப்பின் உள்பக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். மடிப்பே சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் சிதறியிருந்தால் அது பூஞ்சை. அதற்கு மருந்து வேறு. இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டாலும், கொப்புளமோ சீழோ காய்ச்சலோ இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

அந்தத் தாய் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துக் காட்டினார். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கொடுத்தது. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. இந்த ட்யூபைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இரண்டே நாளில் சிவப்பு அடங்கும், நிறுத்தியதும் திரும்ப வரும், மறுபடி பூசுவார்கள். மூடிக் கட்டிய இடத்தில் குழந்தையின் மெல்லிய தோல் ஸ்டீராய்டை அதிகமாக உறிஞ்சுகிறது. வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலியும்; ரத்தத்தில் கலந்து, உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோனையே அடக்கிவிடக்கூடும். குழந்தையைப் பார்க்காமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

"அப்ப ராத்திரி எழுப்பி மாத்தணுமா டாக்டர்?" என்றார் தாய்.

"தோல் நல்லா இருந்தா, சிறுநீருக்காக எழுப்ப வேண்டியதில்லை. தூங்கறதுக்கு முன்னால மாத்திட்டு, களிம்பு பூசினா போதும். இந்தப் புண் ஆறுற வரைக்கும் நடுராத்திரியில ஒரு தரம் மாத்துங்க."

பாட்டி குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துரும். நான் மாத்திக்கிறேன், நீ தூங்கு" என்றார் மருமகளிடம்.

(அடுத்த வாரம்: உச்சந்தலையில் படியும் செதில்)