உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலக் கட்டுரையும் கிராஃப் கேள்வியும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-இல் முதன்முதலாக ஒரு தேர்வு வைத்தது. எழுதியவர்கள் மூன்று பேர். மூவருமே ஃபெயில்! மொத்தத் தேர்வும் 12 மணி நேரம். அதில் கட்டுரைக்கு மட்டும் இரண்டு மணி நேரம். கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று 1857-இன் இந்தியக் கிளர்ச்சி. இன்னொன்று, 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தின் மீது அரசியல் இயக்கங்களின் தாக்கம். 'செல்போன் வரமா சாபமா' என்ற தலைப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

*

வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் விரும்புகிறவர்கள் இன்று எழுதும் ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வு 1989-இல் வந்தது. அதன் எழுத்துத் தாளுக்கு 60 நிமிடம், இரண்டு கேள்விகள். உயர்கல்விக்கான அகாடமிக் பிரிவில் முதல் கேள்வி கிராஃப், அட்டவணை, வரைபடம் அல்லது செய்முறைப் படத்தை விவரிப்பது. குறைந்தது 150 சொற்கள். இரண்டாவது கட்டுரை, குறைந்தது 250 சொற்கள். கட்டுரைக்கு மதிப்பு இரட்டிப்பு. இது தெரியாமல் பலர் கிராஃபோடு 35 நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, கட்டுரையின் கடைசிப் பத்தியை மணி அடிக்கும்போது கிறுக்குகிறார்கள். கிராஃபுக்கு 20 நிமிடம், கட்டுரைக்கு 40 நிமிடம் என்று கேள்வித்தாளே வழி சொல்லியிருக்கிறது. பெரிய மீனை முதலில் பிடிப்போம் என்று இரண்டாம் கேள்வியில் தொடங்கினாலும் தடை ஒன்றுமில்லை.

*

கிராஃப் கேள்வியில் அதிகம் பேர் மதிப்பெண் இழக்கும் இடம் இலக்கணம் என்றுதான் நினைப்போம். உண்மையில் 'ஓவர்வியூ' எனப்படும் ஒட்டுமொத்தப் பார்வை இல்லாமல் போவதால் விழும் அடி பலமானது. வெளிப்படையாகக் கிடைக்கும் மதிப்பீட்டு விதிகளைப் படித்துப் பாருங்கள். விவரங்களை இயந்திரம்போல ஒப்பிப்பது 5-ஆம் பேண்டின் (ஐயெல்ட்ஸின் மதிப்பெண் படிநிலை) அடையாளம் என்று அதிலேயே இருக்கிறது. 2000-இல் இவ்வளவு, 2005-இல் அவ்வளவு, 2010-இல் இன்னும் அவ்வளவு என்று நீட்டிக்கொண்டே போனால், ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தப் பகுதியில் உயரம் தாண்ட முடியாது. எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் இங்கே சோதிக்கப்படுகிறது. நம் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் எழுதியவருக்கே முழு மதிப்பெண் போட்டுப் பழக்கியிருப்பதால், விடுவதற்கு நமக்குக் கை வருவதில்லை.

*

கிராஃபைக் கண்டுபிடித்தவரே கிராஃபை ஆங்கிலத்தில் விவரித்தும் எழுதியிருக்கிறார். அவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் ப்ளேஃபேர். நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர். 1786-இல் அவர் வெளியிட்ட வணிக, அரசியல் அட்லஸில்தான் பொருளாதாரக் கணக்குகள் கோடுகளாக ஏறி இறங்கின. வாசகர்கள் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அதனால் படங்களோடு அவற்றுக்கான விளக்கத்தையும் சேர்த்தே கொடுத்தார்.

அதில் வரும் ஒரு படத்தை யார் வேண்டுமானாலும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். 1700 முதல் 1780 வரை டென்மார்க், நார்வேயோடு இங்கிலாந்து நடத்திய வணிகம். இரண்டே கோடுகள்: ஒன்று இறக்குமதி, மற்றது ஏற்றுமதி. முதல் பாதியில் இறக்குமதி மேலே ஓடுகிறது. 1750-களில் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. அதன்பின் ஏற்றுமதி விறுவிறுவென மேலே போய்விடுகிறது. பாதகமாக இருந்த வணிகம் சாதகமாக மாறிய கதை முழுவதும் அந்த வெட்டுப்புள்ளியில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் ஓவர்வியூ முடிந்தது. மீதி, இரண்டு மூன்று எண்களைத் துணைக்கு அழைப்பதுதான்.

*

பட்டை வரைபடமும் ப்ளேஃபேரின் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது ஆசைப்பட்டுச் செய்ததல்ல. ஸ்காட்லாந்தின் வணிகத்துக்குப் பல ஆண்டுக் கணக்கு கிடைக்கவில்லை. கையில் இருந்த ஓராண்டுக் கணக்கை வைத்து, 17 இடங்களோடு நடந்த வணிகத்தைப் பட்டைகளாக வரைந்தார். கோட்டுப் படத்தைவிட இது பயன் குறைந்தது என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். வட்ட வரைபடம் 1801-இல் வந்த இன்னொரு நூலில் அறிமுகமானது. செய்முறைப் படம் வந்தால் பயப்படுகிறவர்களுக்கு: அதன் மூதாதையான 'ப்ராசஸ் சார்ட்'டை ஃப்ராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதி 1921-இல் பொறியாளர்கள் முன் வைத்தார்கள்.

*

கிராஃபில் 40 விழுக்காடு 50 விழுக்காடு ஆனால் உயர்வு எவ்வளவு? பத்து விழுக்காடு என்று எழுதினால் தவறு. உயர்வு 25 விழுக்காடு. அல்லது 10 விழுக்காட்டுப் புள்ளிகள். செய்தித்தாள்களே தடுமாறும் இடம் இது.

நம்மவர்களுக்கென்று இன்னொரு கண்ணியும் உண்டு. 15,00,000 என்று கமா போட்டு 'லேக்' என்று எழுதினால் நமக்குப் புரியும். உலகம் முழுவதும் நடக்கும் தேர்வில் 1,500,000 என்றும் ஒன்றரை மில்லியன் என்றும் எழுதுவதே பாதுகாப்பு.

*

ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழக உலகிலேயே சிறந்த பாடத்திட்டம் எது என்று கேட்டால், பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் பதின்ம வயதில் தனக்குத்தானே போட்டுக்கொண்டதைத்தான் சொல்வேன். பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிய காலம். பெண்களுக்கு உயர்கல்வி தேவையா என்று நண்பன் ஒருவனோடு கடிதங்களில் வாதாடிக்கொண்டிருந்தார். (இன்றைக்கும் கட்டுரைத் தலைப்பாக வரக்கூடியதுதான்.) கடிதங்களைத் தற்செயலாகப் பார்த்த அப்பா, யார் பக்கம் நியாயம் என்ற பேச்சுக்கே போகவில்லை. எழுத்துப்பிழை இல்லை, நிறுத்தக்குறி சரி. ஆனால் நடையிலும் ஒழுங்கிலும் தெளிவிலும் நண்பன் முந்துகிறான் என்று உதாரணங்களோடு காட்டினார்.

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. 'ஸ்பெக்டேட்டர்' இதழின் தொகுதி ஒன்றை வாங்கினார். லண்டனில் 1711-இல் அடிசனும் ஸ்டீலும் தொடங்கிய கட்டுரை இதழ் அது. ஒரு கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிவைப்பார். சில நாள் அதைத் தொட மாட்டார். பிறகு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையைச் சொந்தமாக எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் கதைகளைச் செய்யுளாக மாற்றினார்; மறந்த பின் அதை மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கண்டபடி கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தியும் பார்த்தார். கருத்து ஒழுங்குக்கு அது பயிற்சி. வேலை முடிந்த இரவுகளிலும் விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இது நடந்தது. சில சிறிய இடங்களில் மூலத்தையே தான் மிஞ்சிவிட்டதாகத் தோன்றியபோது, நல்ல எழுத்தாளராகலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கோச்சிங் சென்டர் கட்டணம் இல்லை என்பது கூடுதல் வசதி.

*

முழுக்க மனப்பாடம் செய்த விடை என்று நிரூபணமானால் ஐயெல்ட்ஸில் கிடைப்பது பூஜ்யம். கேள்வியில் உள்ள வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதினாலும் அந்தச் சொற்கள் கணக்கில் வராது. 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலைப்பாகை கட்டினால் தாளுக்குக் கம்பீரம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதை மதிப்பீட்டு விதிகள் குறையாகவே எண்ணுகின்றன.

இயந்திரத்தை ஏமாற்றுவது இதைவிட எளிதாக இருந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் 2014-இல் மாணவர்களோடு சேர்ந்து 'பேபல்' என்றொரு நிரலை உருவாக்கினார். சில சொற்களைக் கொடுத்தால் அர்த்தமே இல்லாத, ஆனால் பெரிய பெரிய வார்த்தைகள் நிறைந்த கட்டுரையை அது துப்பும். தானியங்கித் திருத்திகள் அந்தக் கட்டுரைகளுக்கு உயர்ந்த மதிப்பெண்களை வாரி வழங்கின.

*

கிராஃபை விவரிக்க வெளிநாடு போகும் ஆசை இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் வரைபடத்தைப் பார்த்துப் பத்தி எழுதும் கேள்வி உண்டு. இலங்கையின் சாதாரண தர ஆங்கில வினாத்தாளிலும் பட்டை, வட்ட வரைபடங்களை விவரிக்கச் சொல்வதுண்டு. பிடிஇ என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்விலோ இதை வாயால் செய்ய வேண்டும்: படத்தைப் பார்க்க 25 நொடி, பேச 40 நொடி. ஓவர்வியூவை முதலில் சொல்லாதவர்கள் அங்கே மைக் அணைந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

*

கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பிரிவுகளின் சராசரி 6.25 என்று வந்தால் ஐயெல்ட்ஸில் 6.5 ஆகிவிடும், 6.75 வந்தால் 7. ஆனால் சராசரி 6.125 என்றால் 6-தான். எழுத்தில் கிடைக்கும் அரை பேண்ட் சில நேரம் மொத்தத்தையே நகர்த்திவிடுவது இதனால்தான். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஒரு காலத்தில் நான்கிலும் 7 கேட்டார்கள். நன்றாக ஆங்கிலம் பேசும் செவிலியர்கள்கூட எழுத்தில் மட்டும் நின்றுபோனார்கள். 2018 டிசம்பரிலிருந்து கேட்டல், படித்தல், பேசுதலுக்கு 7 என்பது அப்படியே இருக்க, எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று அங்குள்ள செவிலியர் கவுன்சில் இறங்கிவந்தது.