கரண்ட் பில் ஏறியது யாரால்? கம்ப்யூட்டர் மீது பழி போடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், முதல் கரண்ட் பில் வந்தவுடன் ஒரு பேச்சு எழும். "எல்லாம் இந்தப் பெட்டி வந்த பிறகுதான்!" என்பார்கள் பெரியவர்கள். மானிட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஏனெனில் கம்ப்யூட்டர் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

இந்தப் பேச்சு தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் கேட்ட ஆண்டு 2020. அந்த ஆண்டின் அனுபவத்தை வைத்து, ஒரு வீட்டின் மின்சாரம் எங்கே போகிறது, அதில் கம்ப்யூட்டரின் பங்கு எவ்வளவு என்று பார்ப்போமா?

2020ல் நடந்தது என்ன?

கொரோனா தொற்று காரணமாக 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. தொழிற்சாலைகள், கடைகள், பயணிகள் ரயில்கள் எல்லாம் நின்றன. இதனால் அந்த ஏப்ரல் மாதத்தில் நாட்டின் மொத்த மின் நுகர்வு, முந்தைய ஏப்ரலை விட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. ஆனால் வீடுகளின் கதை வேறு. அலுவலகம், பள்ளி, கல்லூரி மூன்றும் வீட்டுக்குள் வந்துவிட்டன. அதுவும் சரியாகக் கோடை தொடங்கும் நேரத்தில்!

சின்னச் சின்னப் பொருட்கள் சேர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அந்த ஏப்ரலிலேயே ஒரு சாட்சி கிடைத்தது. ஏப்ரல் 5 அன்று இரவு 9 மணிக்கு, 9 நிமிடங்களுக்கு வீட்டு விளக்குகளை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி போன்றவற்றை அணைக்க வேண்டாம் என்று மின்துறை அறிவித்தது. அப்படியும் நாட்டின் மின் தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது. அதிகாரிகள் எதிர்பார்த்ததோ 12,000 முதல் 14,000 மெகாவாட் வரைதான். ஒரு பல்பு எடுப்பது கொஞ்சம்தான். ஆனால் எத்தனை பல்பு, எத்தனை மணி நேரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வாட்ஸும் யூனிட்டும்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு பெருக்கல், ஒரே ஒரு வகுத்தல்தான். பொருளின் வாட்ஸை, அது ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். வருவதை 1000ஆல் வகுங்கள். கிடைப்பதே யூனிட். 100 வாட்ஸ் எடுக்கும் ஒரு பொருள் 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி 1 மணி நேரம் ஓடினாலும் அதே 1 யூனிட்தான்.

இதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். கொஞ்சமாக எடுக்கும் பொருளும் நாள் முழுக்க ஓடினால் பில்லில் தெரியும். நிறைய எடுக்கும் பொருளும் ஐந்து நிமிடம் ஓடினால் தெரியாது. மிக்ஸி போடும் சத்தத்தைக் கேட்டு "கரண்ட் போகிறதே" என்று கவலைப்படுவோம். தலைக்கு மேலே சத்தமில்லாமல் சுற்றும் ஃபேனை மறந்துவிடுவோம்.

எஸ்.எம்.பி.எஸ். லேபிள் சொல்வது என்ன?

கம்ப்யூட்டர் கேபினட்டின் பின்பக்கம் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் 450 வாட்ஸ் என்று எழுதியிருக்கும். இதைப் பார்த்து, "கம்ப்யூட்டர் 450 வாட்ஸ் இழுக்கிறது" என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். இது தவறு. அது அதிகபட்சம் இவ்வளவு தரமுடியும் என்பதற்கான அளவு. உள்ளே இருக்கும் பாகங்களுக்கு எவ்வளவு தேவையோ அதற்குத் தக்கபடிதான் அது மின்சாரம் எடுக்கும். லேப்டாப் அடாப்டரில் உள்ள 65 வாட்ஸும் இப்படித்தான்.

டைப் செய்வது, இணையம் பார்ப்பது, ஆன்லைன் வகுப்பு போன்ற சாதாரண வேலைகளில் வீட்டு டெஸ்க்டாப், எல்.இ.டி. மானிட்டரையும் சேர்த்து சுமார் 100 வாட்ஸுக்குள்தான் எடுக்கும். லேப்டாப் என்றால் 20 முதல் 50 வாட்ஸ். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கேம் விளையாடும் கம்ப்யூட்டர் மட்டும் 300 வாட்ஸைத் தாண்டலாம். அந்தக் காலத்துப் பருமனான சி.ஆர்.டி. மானிட்டர் தனியாகவே 70, 80 வாட்ஸ் எடுத்தது. கம்ப்யூட்டர் என்றாலே கரண்ட் குடிக்கும் என்ற எண்ணம் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊரடங்கு வீட்டின் கணக்கு

இப்போது உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஊரடங்குக்கு முன் இரண்டு மாதத்திற்கு 340 யூனிட் செலவழித்த வீடு அது. ஊரடங்கில் கூடுதலாகச் சேர்ந்தவற்றை 60 நாட்களுக்குக் கணக்கிடுவோம்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், 100 வாட்ஸ், தினமும் 8 மணி நேரம்: 48 யூனிட்.

இரண்டு சீலிங் ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட்ஸ், பகலில் கூடுதலாக 10 மணி நேரம்: 90 யூனிட்.

டிவி, 60 வாட்ஸ், கூடுதலாக 6 மணி நேரம்: சுமார் 22 யூனிட்.

புதிதாகப் போட்ட வைஃபை மோடம், 10 வாட்ஸ், 24 மணி நேரமும்: சுமார் 14 யூனிட்.

சற்றுப் பழைய 1.5 டன் ஏ.சி., பகலில் 4 மணி நேரம், மணிக்குத் தோராயமாக 1.2 யூனிட் வீதம்: 288 யூனிட்.

கம்ப்யூட்டரை விட ஃபேன்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுத்திருப்பதைப் பாருங்கள். ஏ.சி. எடுத்ததோ கம்ப்யூட்டரைப் போல ஆறு மடங்கு! ஆக, பழி சுமக்க வேண்டியது கம்ப்யூட்டர் அல்ல. ஆனாலும் அதை முழுவதும் விடுவிக்கவும் முடியாது. மதிய வெயிலில் அந்த அறையில் ஒருவர் உட்காரக் காரணமே கம்ப்யூட்டர்தானே? அது தன்னோடு ஒரு ஃபேனையும், ஒரு விளக்கையும், சில வீடுகளில் ஒரு ஏ.சி.யையும் சேர்த்து ஓட வைக்கிறது.

ஒரே யூனிட்டில் 656 ரூபாய்!

யூனிட் ஏறியது பாதிக் கதைதான். மீதிக் கதை கட்டண முறையில் இருக்கிறது. 2020ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 200ஐத் தாண்டி 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய், நிலைக் கட்டணம் 30 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த விகிதமே மாறிவிடும். 101 முதல் 200 வரை 3.50 ரூபாய், 201 முதல் 500 வரை 4.60 ரூபாய், அதற்கு மேல் 6.60 ரூபாய், நிலைக் கட்டணம் 50 ரூபாய்.

அதாவது 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்!

நம் உதாரண வீட்டுக்கு வருவோம். முன்பு 340 யூனிட்டுக்கு அவர்கள் கட்டியது 650 ரூபாய். கம்ப்யூட்டர், ஃபேன், டிவி மூன்றும் சேர்ந்து 160 யூனிட். மொத்தம் சரியாக 500, பில் 1,130 ரூபாய். இதோடு மோடத்தின் 14 யூனிட் சேர்ந்தால் 514. பில் 1,872 ரூபாய் 40 காசு! வீட்டிலேயே மிகக் குறைவாக எடுக்கும் பொருள் 742 ரூபாயைக் கூட்டிவிட்டது. ஏ.சி.யும் சேர்ந்தால் 802 யூனிட், 3,773 ரூபாய். யூனிட் இரண்டரை மடங்குகூட ஆகவில்லை. பணமோ ஏறக்குறைய ஆறு மடங்கு. சம்பளம் குறைந்தும் வேலை போயும் தவித்த குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் எப்படி இருந்திருக்கும்!

இந்தக் கட்டண விகிதங்கள் 2022 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் மாற்றப்பட்டன. எனவே மேலே உள்ள ரூபாய்க் கணக்கை இன்றைய பில்லோடு ஒப்பிட வேண்டாம். யூனிட் கணக்கு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

ரீடிங் எடுக்க ஆள் வராத மாதங்கள்

ஊரடங்கின்போது மின்வாரிய ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரீடிங் எடுக்க முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு ரீடிங் எடுத்தபோது நான்கு மாத யூனிட் மொத்தமாகத் தெரிந்தது. அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு பில்லாகக் கணக்கிட்டு, முன்பு கட்டிய தொகையைக் கழித்தார்கள். கட்டிய தொகைக்கு உரிய யூனிட்டைக் கழிக்காமல் பணத்தைக் கழிப்பது சரியா என்ற கேள்வி எழுந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூலையில் அந்த மனு தள்ளுபடி ஆனது.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். மீட்டரில் உள்ள ரீடிங்கை மாதம் ஒரு முறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அல்லது எக்ஸெல்லில் தேதி, ரீடிங் என இரண்டு காலம் போட்டு எழுதி வாருங்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் கற்பவர்களுக்கு இது நல்ல பயிற்சியும்கூட. எந்த மாதம் எவ்வளவு என்று உங்களிடமே ஆதாரம் இருக்கும். ஸ்லாப் எல்லையை நெருங்கும்போது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மீட்டரிடமே கேளுங்கள்

உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். அதன் அருகே 1600 அல்லது 3200 போல ஓர் எண் இருக்கும். 3200 என்றால், விளக்கு 3200 முறை மின்னினால் 1 யூனிட் என்று பொருள்.

ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட மற்ற எல்லாவற்றையும் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். கம்ப்யூட்டர் மட்டும் ஓடட்டும். பத்து நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அதை 6ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் ஒரு மணி நேரத்திற்கான யூனிட் கிடைக்கும். 53 முறை மின்னினால், 53 பெருக்கல் 6 என்பது 318. அதை 3200ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.1 யூனிட். அதாவது 100 வாட்ஸ். இதே முறையில் ஃபேனையும் ஏ.சி.யையும் அளந்து பாருங்கள். யார் மீது பழி என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்!

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10 அல்லது 11 பயன்படுத்துபவர்கள், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் பவர் ஆப்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஸ்கிரீன் 5 நிமிடத்திலும், கம்ப்யூட்டர் 15 நிமிடத்திலும் ஸ்லீப் நிலைக்குச் செல்லும்படி அமைத்திடவும். ஸ்லீப்பில் சில வாட்ஸ் மட்டுமே செலவாகும்.

ஸ்கிரீன் சேவர் கரண்டைச் சேமிக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரே படம் நெடுநேரம் இருந்து சி.ஆர்.டி. திரையில் தழும்பு விழாமல் காக்க வந்தது அது. மீன் நீந்தினாலும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கும்.

"டவுன்லோட் ஆகட்டும்" என்று இரவு முழுக்கக் கம்ப்யூட்டரை ஓட விடுபவர்கள் கவனிக்கவும். வேலையில்லாமல் 60 வாட்ஸ் வீதம் 8 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட். வேலை முடிந்ததும் ஷட் டவுன் செய்து, யு.பி.எஸ்.ஸையும் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். அது சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் எடுக்கும்.

கம்ப்யூட்டருக்கு வெளியே

பெரிய சேமிப்பு இங்கேதான் இருக்கிறது. 75 வாட்ஸ் ஃபேனுக்குப் பதில் 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால், நம் கணக்கில் உள்ள 90 யூனிட் 36 ஆகிவிடும். மிச்சமாகும் 54 யூனிட், கம்ப்யூட்டர் எடுக்கும் மொத்தத்தை விட அதிகம்! ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்து, மெதுவாக ஃபேனையும் ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரி முதல் வரும் ஏ.சி.க்களில் 24 டிகிரியே தொடக்க அளவாக வைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான்.

முடிந்தால் பகலில் எல்லாரும் ஒரே அறையில் வேலை செய்யுங்கள். மூன்று அறையில் மூன்று பேர் என்றால் மூன்று ஃபேன். ஒரே அறை என்றால் ஒன்று போதும். செலவில்லாத சேமிப்பு இது.

ஊரடங்கு முடிந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் ஆன்லைனில் படிப்பதும் பல வீடுகளில் தங்கிவிட்டன. எனவே அடுத்த பில் ஏறினால், படிக்கும் பிள்ளையின் கம்ப்யூட்டரை உடனே அணைக்கச் சொல்லாதீர்கள். முதலில் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பாருங்கள். பிறகு ஆளில்லாத அறையில் ஓடும் ஏ.சி.யைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் முறை அதற்குப் பிறகுதான்!