பாட்னா வதந்தியும் மைசூர் இதழும்

1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குப் பிந்தைய வாரங்களில் ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் பாட்னாவில் உலவிய வதந்திகளைக் குறித்துக்கொண்டே வந்தார். அவர் கவனித்தது வீடுகள் தரைமட்டமான பகுதியை அல்ல. அதிர்வைப் பலமாக உணர்ந்தும் பெரிய சேதம் ஏதுமில்லாமல் தப்பிய பகுதியை. அங்கேதான் பேச்சு பயங்கரமாக இருந்தது. இதைவிடப் பெரிய நடுக்கம் வரப்போகிறது, வெள்ளம் வரப்போகிறது, ஊரே இருக்காது என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். தப்பித்தவர்கள் ஏன் ஆறுதலடையாமல் இப்படித் தங்களையே பயமுறுத்திக்கொள்ள வேண்டும்?

பிரசாத்தின் கட்டுரை 1935-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி’யில் வந்தது. 22 ஆண்டுகள் கழித்து, 1957-இல், அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் தம் புகழ்பெற்ற ‘காக்னிட்டிவ் டிஸனன்ஸ்’ கோட்பாட்டு நூலை வெளியிட்டார். மனத்துக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு எண்ணங்கள் மோதினால் மனிதன் எதையாவது மாற்றி அந்த முரணைத் தணிக்கப் பார்ப்பான் என்பது அதன் சாரம். அந்த யோசனைக்கு முதல் பொறி பீகார் வதந்திகளிலிருந்து கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பயம் ஏற்கெனவே வந்துவிட்டது, பயப்படுவதற்கான காரணம்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. வதந்தி அந்தக் காரணத்தைத் தந்தது. இதற்கு மறுபக்கச் சான்றும் இந்தியாவிலிருந்தே கிடைத்தது. டார்ஜிலிங் நிலச்சரிவைப் பற்றி துர்கானந்த் சின்ஹா 1952-இல் எழுதிய கட்டுரையில், அழிவை நேரில் கண்டவர்களிடையே அப்படி வரப்போவதைச் சொல்லி மிரட்டும் வதந்திகள் இல்லை. அதுவும் அதே பிரிட்டிஷ் இதழில்தான் வெளியானது.

இருபதாம் நூற்றாண்டு உளவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூல்களில் ஒன்றுக்கு அடித்தளத்தில் இரண்டு இந்தியக் கட்டுரைகள் கிடக்கின்றன. இரண்டுமே இந்திய இதழில் வரவில்லை. இதழ் இல்லாமல் இல்லை. 1920-களின் நடுவிலேயே கல்கத்தாவில் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி’ தொடங்கிவிட்டது. பிரசாத் அதில் எழுதியிருந்தால் ஃபெஸ்டிங்கர் கண்ணில் பட்டிருக்குமா? பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். இந்திய உளவியல் இதழ்களின் கதையை அன்றும் இன்றுமாக வைத்துப் பார்க்க இந்த ஒரு சந்தேகம் போதும்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியல் துறை தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்ற நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். 1924-இல் மைசூரில் துறை தொடங்கிய எம்.வி. கோபாலசாமி லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் பயின்றவர். (இந்தக் கோபாலசாமிதான் 1935-இல் மைசூரில் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியவர். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அங்கிருந்துதான் நாட்டுக்கே போயிற்று. உளவியல்காரர்கள் ஆய்வகத்தில் அடங்கிக் கிடந்தவர்கள் என்று யாராவது சொன்னால் இவரைக் காட்டலாம்.) ஆசான்கள் அங்கே, மாணவர்கள் இங்கே. கருவிகளும் சோதனைகளும் கப்பலில் வந்தன. ஆய்விதழும் அந்த வரிசையில் வந்த ஒன்றுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு தெற்கிலும் இதழ்கள் முளைத்தன. 1956-இல் மைசூரில் ‘சைக்கலாஜிக்கல் ஸ்டடீஸ்’. அடுத்த ஆண்டு சென்னையில், மெட்ராஸ் சைக்காலஜி சொசைட்டியின் ‘ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிக்கல் ரிசர்ச்சஸ்’. அன்றைய இதழ் என்றால் பெரும்பாலும் ஒரு துறையின் உழைப்பு. பேராசிரியரே ஆசிரியர், உடன் வேலை பார்ப்பவர்களே மதிப்பீட்டாளர்கள். சந்தா மணியார்டரில் வரும். கட்டுரை எழுதியவருக்குச் சில தனிப்படிகள் தருவார்கள். யாராவது அஞ்சலட்டை போட்டு ஒரு படி கேட்டால் அதுவே பெரிய அங்கீகாரம். தன் கட்டுரையை எத்தனை பேர் சுட்டினார்கள் என்று அறிய எந்த வழியும் இல்லை. யூஜீன் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1960-களில்தான் வந்தது, சமூக அறிவியலுக்கான அட்டவணை 1973-இல்.

என்ன ஆராய்ந்தார்கள்? முதலில் கவனம், புலனுணர்வு, தூரத்தை அறிதல் போன்ற ஆய்வகச் சோதனைகள். பிறகு நுண்ணறிவுச் சோதனைகள். பினே சோதனையைக் காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் கொண்டுவந்தார். எழுதப்படிக்கத் தெரியாத குழந்தைகளையும் அளக்கும்படி பாட்டியா தம் செயல்திறன் சோதனைத் தொகுப்பை அமைத்தார். இவை உண்மையில் பயன்பட்ட வேலைகள், இன்றும் மருத்துவமனைகளில் அவற்றின் பெயர் கேட்கிறது. அதன் பின் வந்தது ஆளுமைச் சோதனைகளின் காலம். 1960-களில் ஹார்வர்ட் பேராசிரியர் டேவிட் மெக்லெலண்ட் காக்கிநாடாவுக்கு வந்து, சாதனை வேட்கையைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று சிறுதொழில் செய்பவர்களையும் வியாபாரிகளையும் வைத்துச் சோதித்தார். அவ்வளவுதான், சாதனை வேட்கை நாடெங்கும் ஆய்வேட்டுத் தலைப்பாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு கருத்து, வெளியிலிருந்து ஒரு வினாத்தாள், அதற்கு நம்மூர் மாணவர்களிடமிருந்து விடைகள்: இந்த வாய்ப்பாடு இன்னும் காலாவதியாகவில்லை.

இதை உடைத்துச் சொன்னவர் அரசியல் உளவியலாளர் ஆஷிஸ் நந்தி. இந்திய உளவியலுக்கு வந்த நெருக்கடி, ஒரு கோட்பாடு தோற்று இன்னொன்று எழும்போது வரும் நெருக்கடிகூட அல்ல, சொந்தமாகக் கோட்பாடே இல்லாமல் அறிவியலை வாங்கிமட்டுமே பழகிய பண்பாட்டின் நெருக்கடி என்ற பொருளில் 1974-இல் எழுதினார். எழுதியது கல்கத்தாவில் பிறந்த அதே ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி’யில். உள்ளூர் இதழ் என்பது எதற்காக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டுரையை எந்த லண்டன் இதழும் கேட்டிருக்காது. இந்தியாவில் உளவியலின் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றுவரை அதைத் தேடிப் போகிறார்கள்.

அதன் பிறகு திசை சற்று மாறியது. வறுமையும் நெடுங்காலப் பற்றாக்குறையும் குழந்தையின் மனத்தை என்ன செய்கின்றன, இந்திய அலுவலகத்தில் எத்தகைய தலைமை எடுபடும், நோயைக் கர்மம் என்று நம்புபவர் எப்படித் தேறுகிறார் என்ற கேள்விகள் வந்தன. அலகாபாத்தில் துறையைக் கட்டியெழுப்பிய துர்கானந்த் சின்ஹாவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1989-இல் அலகாபாத்திலிருந்து ‘சைக்காலஜி அண்ட் டெவலப்பிங் சொசைட்டீஸ்’ வரத் தொடங்கியதும் இந்தக் காற்றில்தான்.

இன்றைய இதழ்களைப் புரட்டினால் தலைப்புகள் வேறு: மனநலம், மீள்திறன், மைண்ட்ஃபுல்னெஸ், வேலைச் சோர்வு, கைபேசிக்கு அடிமையாதல், கொரோனாக் காலத் தனிமை. கையால் சுழற்றும் ஃபேசிட் கணக்குப் பொறியில் வாரக்கணக்கில் செய்த காரணிப் பகுப்பாய்வு இப்போது மடிக்கணினியில் நொடியில் முடிகிறது. மாறாதது ஆய்வில் கலந்துகொள்ளும் ஆள். அன்று பேராசிரியர் வகுப்பிலேயே வினாத்தாளை விநியோகித்தார், இன்று கூகுள் படிவம் வாட்ஸாப்பில் வருகிறது. இரண்டுக்கும் விடை எழுதுவது கல்லூரி மாணவர்தான். இது நம் குறை மட்டுமல்ல. அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி இதழ்களை ஆராய்ந்து ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் எழுதிய கட்டுரைப்படி, அவற்றின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் மேற்கத்தியத் தொழில்வள நாட்டவர்கள். அதிலும் பெரும்பகுதி அமெரிக்கர். உலகின் 12 சதவீத மக்களைப் பார்த்துவிட்டு மனித மனம் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது இத்துறை. நம்மிடம் இருந்த அசல் சரக்கு அந்த மீதிப் பேரின் வாழ்க்கை. அதை விட்டுவிட்டு நாமும் கல்லூரி மாணவரையே அளந்தோம்.

பெரிய மாற்றம் கட்டுரைக்கு வெளியே நடந்தது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைப் புள்ளியாக எண்ணும் முறையைக் கொண்டுவந்தது. பிஎச்.டி. மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதியும் நெடுநாள் இருந்தது, 2022-இல்தான் எடுத்தார்கள். தேவை பெருகியதும் கடைகள் பெருகின. பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருக்கும், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வந்துவிடும். மானியக் குழு அங்கீகரித்த பட்டியலில் பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்த இதழ்களை ஆராய்ந்து 2018-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ ஒரு கட்டுரை வெளியிட்டது. அவற்றில் 88 சதவீதத்துக்கு மேல் தரமற்றவையாக இருக்கலாம் என்றது அது. அதே ஆண்டு 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் போயிற்று. தரத்தை இனி அந்தந்த நிறுவனமே முடிவுசெய்துகொள்ளலாம்.

பட்டியல் போனாலும் எண்ணிக்கை போகவில்லை. நாட்டின் நிறுவனத் தரவரிசையில் ஆய்வு வெளியீடுகளை எண்ண, மேற்கோள் தரவுத்தளங்களான ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகியவற்றின் தரவுதான் அடிப்படை. ஆகவே தனியார் பல்கலைக்கழகங்கள் ஆசிரியரிடம் நேராகவே கேட்கின்றன: ஸ்கோப்பஸில் எத்தனை? அதில் இல்லாத ஓர் இதழுக்கு ஓர் இளம் ஆசிரியர் தம் நல்ல கட்டுரையை ஏன் அனுப்ப வேண்டும்? அனுப்பமாட்டார். நல்ல கட்டுரை வராததால் இதழ் மெலியும், மெலிந்த இதழை ஸ்கோப்பஸ் சேர்க்காது.

சேர்த்தாலும் அடுத்த தடை இம்பாக்ட் ஃபேக்டர். கணக்கு எளிது. ஓர் இதழ் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 80 கட்டுரைகள் வெளியிட்டதாக வைத்துக்கொள்வோம். 2025-இல் வெளியாகும் கட்டுரைகள் அவற்றை 80 முறை சுட்டினால் அந்த இதழின் எண் 1. நாற்பது முறை என்றால் அரை. வேகமாக ஓடும் மூலக்கூறு உயிரியலுக்கு இந்த இரண்டாண்டு வாசல் பொருந்தலாம். உளவியலிலோ ஒரு கட்டுரை மதிப்பீட்டாளரிடமே பல மாதம் கிடந்து, இன்னொருவர் அதைப் படித்துத் தம் ஆய்வை வடிவமைத்து, தரவு திரட்டி, எழுதி, அச்சேற்றுவதற்குள் வாசல் சாத்தப்பட்டுவிடுகிறது. பிரசாத்தின் 1935-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஃபெஸ்டிங்கர் சுட்டியது 22 ஆண்டுகள் கழித்து. இந்தக் கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம். நந்தியின் கட்டுரையை இன்று யார் சுட்டினாலும் பூஜ்யம்தான். வருமானவரிப் படிவம்கூட இதைவிட நீண்ட காலத்தை நினைவில் வைத்திருக்கும்.

மைசூரில் பிறந்த ‘சைக்கலாஜிக்கல் ஸ்டடீஸ்’ பின்பு கோழிக்கோட்டிலிருந்து வந்தது. இன்று 1989-இல் உருவான நேஷனல் அகாடமி ஆஃப் சைக்காலஜியின் இதழாக, ஸ்பிரிங்கர் நிறுவனத்தின் வழியே வருகிறது. இதை வீழ்ச்சி என்று சொல்லமாட்டேன். இதழ் பிழைத்திருக்கிறது, ஒழுங்காக வருகிறது, தேடினால் உலகில் எங்கிருந்தும் கிடைக்கிறது. கிடைக்கிறது என்றால் சந்தா உள்ள நூலகத்துக்கு. 2024 நவம்பரில் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஸ்பிரிங்கர் நேச்சர் உட்பட 30 பதிப்பகங்களின் இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கொண்டுவருவதற்காக. நம் பேராசிரியர்கள் எழுதி, நம் பேராசிரியர்களே மதிப்பிட்டு அனுப்பிய கட்டுரைகளைப் படிக்கவும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு போகும். பணம் தண்டம் என்பதல்ல. மாவட்டத் தலைநகரில் உள்ள அரசுக் கல்லூரி மாணவிக்கு அது திறக்கும் கதவு பெரிது.

நல்ல கட்டுரை வெளிநாட்டு இதழுக்குப் போகும் பழக்கம்தான் நிற்கவில்லை. கங்கைக் கரையில் நடக்கும் மாக மேளாவில் ஒரு மாதம் குளிரிலும் சத்தத்திலும் தங்கும் யாத்திரிகர்களையும், ஊரிலேயே இருந்துவிட்டவர்களையும் ஒப்பிட்டு இந்திய, பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவ்வளவு கூட்டமும் நெரிசலும் உடம்பைக் கெடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போய் வந்தவர்கள், ஒரு மாதத்துக்குப் பின் கேட்டபோது, தங்கள் நலம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். பிரசாத்தின் ஆய்வுக்கு நிகரான கூர்மை இதில் இருக்கிறது: நேரில் கண்ட ஒரு புதிர், எதிர்பாராத விடை. 2012-இல் அது வெளியானது அமெரிக்காவின் ‘பிளோஸ் ஒன்’ இதழில். ஒரே ஆறுதல், அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம்.

கடைசியாக ஒரு பெயர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த பி. குப்புசாமி. 1976-இல் நகர்ப்புறக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க ஒரு சிறு கையேடு வெளியிட்டார். குடும்பத் தலைவரின் படிப்புக்கு இத்தனை, தொழிலுக்கு இத்தனை, குடும்ப வருமானத்துக்கு இத்தனை என்று புள்ளிகள், மொத்தம் 29. அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் பயிற்சி மருத்துவர் “மாசம் எவ்வளவும்மா வரும்?” என்று கேட்டு ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறாரே, பெரும்பாலும் அது குப்புசாமி அளவுகோல். குழந்தை மருத்துவம், சமுதாய மருத்துவம் என்று இந்தியாவில் எழுதப்படும் ஆய்வேடுகளில் அவர் பெயர் இல்லாத அலமாரி அரிது. அவர் உளவியலாளர் என்பது அதை நிரப்பும் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

ரூபாயின் மதிப்பு மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வருமானப் படிகளை விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்து அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறது. திருத்தியவர்கள் அதை ஒரு குறுங்கட்டுரையாக்கி மருத்துவ இதழ்களில் வெளியிடுகிறார்கள். புதிய ஆய்வு செய்பவர் பழைய பட்டியலைப் பயன்படுத்த முடியாது, ஆகவே அண்மைக் கட்டுரையைத்தான் சுட்டுவார். இரண்டாண்டு வாசலுக்குள் அளந்து வைத்ததுபோல் அந்த மேற்கோள்கள் விழுகின்றன, எல்லாம் மருத்துவ இதழ்களின் கணக்கில்.