பரோலோ: வெளுத்த நிறம், கடுந்துவர்ப்பு

சிவப்பு ஒயின் கருகருவென்று இருந்தால் "ஸ்ட்ராங்", வெளுத்திருந்தால் "லைட்". பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு பரோலோவிடம் செல்லாது. குவளைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிய சிவப்பு. முகர்ந்தால் ரோஜாவும் தாரும் கலந்த மாதிரி ஒரு வாசனை என்பார்கள். சாதுவான ஆளு போலிருக்கேன்னு ஒரு வாய் குடிச்சா, நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிச்சுக்கும்!

காரணம் எளிது. நிறத்தைத் தருவது ஒரு வகைச் சேர்மம். பிடிப்பைத் தருவது டானின் என்ற வேறொரு வகை. இரண்டும் தனித்தனி வேரியபிள். வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், ஆல்பா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையில் முதலாவது குறைவு, இரண்டாவது மிக அதிகம். பரோலோ முழுக்க முழுக்க இந்த ஒரே திராட்சையில்தான் செய்யப்பட வேண்டும். 11 ஊர்களுக்கு மட்டுமே அந்தப் பெயரை வைக்கும் உரிமை. குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்தால்தான் விற்பனைக்கு வரலாம்.

இந்தப் பிடிப்புக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: துவர்ப்பு. பாக்கு, வாழைப்பூ, நாவல்பழம் சாப்பிட்ட யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாம் அறுசுவையில் ஒன்றாக வைத்திருப்பதை, மேற்கத்திய அறிவியல் பெரும்பாலும் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தொடு உணர்வு என்கிறது. உமிழ்நீரில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. டானின் அவற்றைப் பிடித்துத் திரளச் செய்துவிடும். வழவழப்பு போனால் உராய்வு. அதுதான் நமக்குத் துவர்ப்பு.

இது புரிந்தால் எதோடு சாப்பிடுவது என்பது தானாகவே விளங்கிவிடும். கட்டங்காப்பி மாதிரி கட்டன் சாயா குடித்தால் துவர்க்கிறது, பால் ஊற்றினால் அடங்கிவிடுகிறது, இல்லையா? பாலின் புரதம் டானினைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இறைச்சியும் சீஸும் செய்வது அதே வேலைதான். பதிலுக்கு ஒயினின் துவர்ப்பும் புளிப்பும் வாயில் படிந்த கொழுப்பை வழித்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து 'பிரசாத்தோ' செய்கிறார்கள். முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த 'தாயரின்' நூடுல்ஸ், அதன்மேல் சீவிய ஆல்பா வெள்ளை ட்ரஃபிள், நன்கு முதிர்ந்த சீஸ் எல்லாமே பொருந்தும். மீன் வேண்டாம். மிளகாய்க் காரமும் வேண்டாம். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், டானின் வறட்சியைக் கூட்டும்.

இந்தத் துவர்ப்பை என்ன செய்வது என்பதில் குடும்பங்களே பிளந்திருக்கின்றன. பழைய முறையில் தோலோடு பல வாரம் ஊறவைத்து, பெரிய பழைய பீப்பாய்களில் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். காலம் போகப் போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மென்மையாகும். 1980களில் இளைஞர்கள் சிலர் அவ்வளவு நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. ஊறும் நாட்களைக் குறைத்தார்கள், சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். எலியோ அல்தாரே என்பவர் செயின்சாவை எடுத்து அப்பாவின் பழைய பீப்பாய்களையே அறுத்துப் போட்டார். அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டார். எதிர்ப்பக்கம் பார்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாய் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் லேபிளிலேயே எழுதி ஒட்டினார். 'பரோலோ போர்' என்றே இதற்குப் பெயர். இன்று பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள்.

எனக்கென்னவோ பழையவர்கள் பக்கம்தான் சாய்வு. துவர்ப்பு தீர வேண்டிய குறை இல்லை. சாப்பாட்டுத் தட்டோடு சேர்ந்து வேலை செய்யவேண்டிய பகுதி. அதனால பரோலோவைத் தனியா ருசிச்சுப் பார்த்துட்டு முகத்தைச் சுளிக்காதீங்க. பக்கத்துல ஒரு துண்டு முதிர்ந்த சீஸாவது வச்சுக்கிட்டு, அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.