உறைநீரும் குழாய் வெடிப்பும்

நீர் உறையுங்கால் அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகும். குளிர்நாட்டு வீடுகளில் குழாய்கள் வெடித்தற்கு மூலகாரணம் இதுவே. எனினும் பனிக்கட்டி அடைத்த இடத்திலேயே குழாய் பிளக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வளரும் பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே அகப்பட்ட நீரின் அமுக்கமே பெரும்பாலும் அதனைப் பிளக்கின்றது. ஆதலின் கடுங்குளிரில் குழாய்வாயைச் சிறிது திறந்து நீரை ஒழுகவிடுதல் நன்று.

2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரும் மின்தடையும் ஒருங்கே நேர, வெப்பக்காப்புக் குன்றிய வீடுகள் பலவற்றில் குழாய்கள் வெடித்தன. குழாய்களுக்கு உறையிடுதலே சிறந்த முற்காப்பாம்.

உறைந்துவிடின், குழாய்வாயைத் திறந்துவைத்து, அதன் அண்மையிலிருந்து பின்னோக்கி, வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லச் சூடேற்றுக. தீச்சுவாலை காட்டுதல் ஆகாது. வெடிப்பு, பனி உருகிய பின்னரே நீர்ப்பெருக்காய் வெளிப்படும். எனவே வீட்டுக்கு நீர்வரும் தலைமை வால்வு எங்குளது என்பதை வீட்டார் அனைவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.