வினாவின் வகையும் விடையின் நெறியும்

முன்னுரை

புதியதொரு மொழியைக் கற்கத் தொடங்குவோர் சில பெயர்ச்சொற்களை அறிந்தவுடன் அடுத்து நாடுவது வினாச்சொற்களையே. 'என்ன, எங்கே, எவ்வளவு' எனக் கேட்கத் தெரிந்தவர் எந்நாட்டிலும் வழியறிந்து செல்வர். கேட்கத் தெரியாதவர் அகராதி முழுவதையும் மனப்பாடம் செய்திருப்பினும் நின்ற இடத்திலேயே நிற்பர். இதனாலேயே ஸ்பானிய மொழி முதலாகிய அயல்மொழிகளைக் கற்பிக்கும் நூல்கள் தொடக்கப் பாடங்களிலேயே வினாக்களை வகைப்படுத்திக் காட்டுகின்றன.

அந்நூல்கள் பெரும்பாலும் வினாவின் வடிவத்தை வைத்தே வகுக்கின்றன. 'ஆம்', 'இல்லை' எனும் விடையை வேண்டுவது ஒரு வகை. வினாச்சொல்லால் தொடங்குவது மற்றொரு வகை. தமிழ் இலக்கண ஆசிரியர்கள் வடிவத்தை விளக்கியதோடு அமையாமல், வினவுபவரின் உள்ளத்தையும் கொண்டு வினாவை வகுத்தனர். இவ்விரு நெறிகளையும் ஒப்பிட்டுக் காண்பதும், அதனால் நம் வகுப்பறைக்கு விளையும் பயனை எண்ணுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வினா எழுத்துகள்

தொல்காப்பியர் எழுத்ததிகார நூன்மரபில் ஆ, ஏ, ஓ எனும் மூன்றையும் வினா எழுத்துகள் என்கிறார். பிற்காலத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் எ, யா, ஆ, ஓ, ஏ எனும் ஐந்தினைக் கூறுகிறார். இவற்றுள் எகரமும் யாவும் சொல்லின் முதலில் வரும். ஆகாரமும் ஓகாரமும் இறுதியில் வரும். ஏகாரம் ஈரிடத்தும் வரும்.

இறுதியில் வரும் ஆகாரத்தின் ஆற்றல் தனித்துக் கருதத்தக்கது. 'நேற்று அவன் மதுரைக்குப் போனான்' என்பது ஒரு செய்தி. 'போனானா?' எனின் செயல் நிகழ்ந்ததா என்பது வினா. 'மதுரைக்கா போனான்?' எனின் போனது உறுதி, இடமே வினா. 'அவனா போனான்?' எனின் ஆள் வினா. 'நேற்றா போனான்?' எனின் நாள் வினா. ஒரே எழுத்து இடம் மாறி அமர்ந்து, வினவுபவர் எதனை அறியவில்லை என்பதைத் துல்லியமாகச் சுட்டிவிடுகிறது.

ஸ்பானிய மொழியில் வினா

இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் ஸ்பானிய மொழியில் இத்தகைய வினா எழுத்து இல்லை. 'ஆப்லாஸ் எஸ்பாஞோல்' என்றால் 'நீ ஸ்பானிய மொழி பேசுகிறாய்' என்று பொருள். அதே சொற்களைக் குரலை உயர்த்திக் கூறினால் 'பேசுகிறாயா?' என்பது பொருளாகும். பேச்சில் குரல் செய்யும் இப்பணியை எழுத்தில் எது செய்யும்? தொடர் முடிந்தபின் வரும் வினாக்குறியைக் காணுமுன்னரே படிப்பவர் தொடரைச் செய்தியாகப் படித்து முடித்திருப்பார். இவ்விடர்ப்பாட்டை நீக்கவே, 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரசக் கழகம் 1754இல் வெளியிட்ட தன் எழுத்திலக்கண நூலில், வினாத்தொடரின் தொடக்கத்தில் தலைகீழ் வினாக்குறி இடும் முறையை வகுத்தது. நம் ஓலைச்சுவடிகளில் வினாக்குறியே இல்லை. ஆயினும் வினா எழுத்துகள் உடனிருந்தமையால் பொருள் மயங்கவில்லை.

வினாச்சொற்களில் இரு மொழிகளுக்கும் ஒருவகை ஒப்புமை உண்டு. 'என்ன, எங்கே, எப்போது, எப்படி' எனத் தமிழில் எகரம் முதலில் நிற்பதுபோல, ஸ்பானிய மொழியில் 'கே' (என்ன), 'கியென்' (யார்), 'குவாந்தோ' (எப்போது), 'கோமோ' (எப்படி) எனப் பெரும்பாலானவை ககர ஒலியில் தொடங்கும். 'எங்கே' எனப் பொருள்படும் 'தோந்தே' இவ்வரிசைக்குப் புறனடை. 'எத்தனை' என்பதற்கோ ஆண்பாற் பெயராயின் 'குவாந்தோஸ்', பெண்பாற் பெயராயின் 'குவாந்தாஸ்' என இரு வடிவங்கள் உள. நமக்கு எவன், எவள், எவர், எது, எவை எனத் திணை பால் காட்டும் வினாப்பெயர்கள் இருப்பதை இத்துடன் ஒப்பிடலாம்.

ஸ்பானியம் கற்போர் அடிக்கடி இடறும் இடம் ஒன்றுண்டு. 'கே', 'குவால்' எனும் இரண்டும் 'எது, என்ன' எனப் பொருள்படுவனவே. எனினும் ஒன்றன் இயல்பை அறியாது கேட்கும்போது பெரிதும் 'கே' வரும். அறிந்த பலவற்றுள் ஒன்றைத் தெரிந்து கேட்கும்போது 'குவால்' வரும். இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியமும் உணர்ந்திருப்பது வியப்பிற்குரியது. 'யாது', 'எவன்' எனும் சொற்கள் அறியாப் பொருளிடத்து வரும் என்று கிளவியாக்கத்தில் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் 'யாது' என்பது, அறிந்த பொருள்களிடையே ஐயம் தீர்த்துக்கொள்ளவும் வரும் என்கிறார். 'இவ்வைந்து சேலைகளுள் சாயம் போனது யாது?' என்பது அத்தகைய வினா.

வினவுபவர் உள்ளம்

நன்னூலார் வினாவை ஆறாக வகுக்கிறார். சின்னாளப்பட்டி வட்டார வாழ்விலிருந்தே அவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தரலாம்.

1. அறி வினா: தான் அறிந்ததைப் பிறர் அறிவாரா எனக் காண வினவுவது. 'நன்னூலை இயற்றியவர் யார்?' என ஆசிரியர் மாணவரை வினவுதல்.

2. அறியா வினா: தான் அறியாததை அறிய வினவுவது. 'ஐயா, இச்சொல்லின் பொருள் யாது?' என மாணவர் வினவுதல்.

3. ஐய வினா: இதுவோ அதுவோ எனும் ஐயம் நீங்க வினவுவது. 'அங்கே தெரிவது சிறுமலையா, மழைமேகமா?'

4. கொளல் வினா: ஒன்றைப் பெற்றுக்கொள்ள வினவுவது. கடைத்தெருவில் 'சுங்குடிச் சேலை உள்ளதா?' எனக் கேட்டல்.

5. கொடை வினா: ஒன்றைக் கொடுக்கும் எண்ணத்துடன் வினவுவது. நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில், 'தம்பி, உனக்குக் கஞ்சி கிடைத்ததா?' எனப் பெரியவர் கேட்டல்.

6. ஏவல் வினா: ஒரு செயலைச் செய்யத் தூண்டுவது. நெசவாளர் தம் மகனிடம், 'தார் சுற்றிவிட்டாயா?' எனக் கேட்டல்.

இவ்வகைப்பாட்டின் நுட்பத்தை ஒரே தொடரைக் கொண்டு காட்டலாம். 'சேலை இருக்கிறதா?' என்று வாங்க வந்தவர் கேட்டால் கொளல் வினா. மாற்றுடை இல்லாத ஒருவரிடம் ஈகை உள்ளம் கொண்டவர் கேட்டால் கொடை வினா. கடைக்கு உரியவர் பணியாளிடம் கேட்டால், எடுத்து வை எனும் ஏவல் வினா. இருப்பு அறியாத கணக்கர் கேட்டால் அறியா வினா. இருப்பை நன்கறிந்த மூத்தவர் புதிதாகச் சேர்ந்த இளைஞரைச் சோதிக்கக் கேட்டால் அறி வினா. சொல்லும் எழுத்தும் மாறவில்லை. உள்ளம் மாற வினா மாறுகிறது. வடிவத்தை மட்டும் நோக்கும் வகைப்பாடு இவ்வைந்தையும் ஒன்றென்றே கொள்ளும்.

தொல்காப்பிய உரையாசிரியர் சேனாவரையர் அறியான் வினா, ஐய வினா, அறிபொருள் வினா என மூன்றாகவே அடக்குவார். எண்ணிக்கை குறையினும் உள்ளமே அளவுகோல் என்பதில் வேறுபாடில்லை.

விடையின் நெறி

வினாவை ஆறாக வகுத்த நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். 'திண்டுக்கல்லுக்கு வழி எது?' என்பார்க்கு 'இது' எனல் சுட்டு விடை. 'இன்று தறி நெய்வாயா?' என்பார்க்கு 'நெய்யேன்' எனல் மறை விடை. 'நெய்வேன்' எனல் நேர் விடை. இம்மூன்றும் நேரடியானவை, ஆதலின் செவ்வன் இறை எனப்படும். அதே வினாவிற்கு 'நீயே நெய்' எனல் ஏவல் விடை, 'நெய்யாமல் இருப்பேனோ?' எனல் வினா எதிர் வினாதல். 'கை வலிக்கிறது' எனல் உற்றது உரைத்தல். 'கை வலிக்கும்' எனல் உறுவது கூறல். 'தார் சுற்றுவேன்' எனல் இனமொழி. இவ்வைந்தும் நேரே விடையாகாவிடினும் விடைப்பொருளைத் தருவன. ஆதலின் இறை பயப்பன எனப்படும்.

தொல்காப்பியரும் வினாவும் விடையும் வழுவாமற் காக்கப்பட வேண்டும் என்று விதித்தபின், வினாவிற்கு எதிராக வரும் வினாவும் விடையே என்கிறார். விடை நேர்வழியினின்று சற்று விலகினும் பொருளோடு பொருந்துமாயின் விலக்கப்படாது என்றும் உடன்படுகிறார். உரையாடலை உற்றுநோக்கி எழுதப்பட்ட இலக்கணம் இது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வினாவே நூலாகிய வரலாறு

வினாவும் விடையுமாகவே நூல் யாக்கும் மரபும் தமிழில் உண்டு. இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் அது 'மசலா' என ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. 'மஸ்அலா' எனும் அரபுச் சொல்லுக்கு வினா என்பது பொருள். மார்க்கச் சட்டம் குறித்து ஆலிமிடம் ஐயம் கேட்பதை 'மஸ்அலா கேட்டல்' என்று கூறும் வழக்கு இன்றும் உள்ளது.

இவ்வகையில் தலையாயது வண்ணப் பரிமளப் புலவர் இயற்றி 1572இல் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிர மசலா' ஆகும். முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டதாக இது போற்றப்படுகிறது. யூத அறிஞரான அப்துல்லா இப்னு சலாம் நபிகள் நாயகம் அவர்களிடம் வினவுவதும், அவற்றுக்கு அவர்கள் விடை பகர்வதும் நூலின் பொருள். அரபு மொழியில் தோன்றிய இவ்வினா விடை நூல் 12ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயின் மண்ணில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. பின்னர்ப் பாரசீகம், மலாய், சாவகம் முதலிய மொழிகளிலும் வழங்கியது. தமிழ் வடிவத்தை மலாய், சாவக வடிவங்களோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி எழுதிய ஆய்வு நூல் 2011இல் வெளிவந்தது. ஆயிர மசலா அரங்கேறிய ஏழாண்டுகளில், 1579இல், கொச்சியில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'கிரீசித்தியானி வணக்கம்' எனும் தமிழ் நூலும் ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினா விடை வடிவினதே. இருவேறு சமயத்தாரும் தமிழ் மக்களுக்குத் தம் நெறியை எடுத்துரைக்க இவ்வடிவத்தையே பொருத்தமாகக் கொண்டனர் என்பது கருதத்தக்கது.

நன்னூல் நோக்கில் ஆயிர மசலாவின் வினாக்கள் எவ்வகையின? வினவுபவர் கற்றறிந்தவர், விடையின் உண்மையை அளந்தறியவே அவர் தொடங்குகிறார். ஆதலின் அவை முதற்கண் அறி வினாக்கள். இறுதியில் விடைகளை ஏற்று அவர் இசுலாத்தில் இணைகிறார். சோதிக்க வந்தவர் கற்பவராகிறார். அறிஞர் ஒருவர் வினவுவதை இழிவாகவோ, வினவப்படுவதைக் குற்றமாகவோ இம்மரபு கருதவில்லை என்பதே நாம் கொள்ளத்தக்க கருத்தாகும்.

வகுப்பறையில் வினா

இன்றைய வகுப்பறையில் ஆறு வினாக்களுள் எவை ஒலிக்கின்றன? ஆசிரியர் கேட்பது அறி வினா. தேர்வுத்தாளில் உள்ளவை யாவும் அறி வினா. 'கட்டுரையை எழுதி முடித்தாயா?' என்பது ஏவல் வினா. மாணவரிடமிருந்து எழ வேண்டிய அறியா வினாவும் ஐய வினாவுமோ அரிதாகவே ஒலிக்கின்றன. கேட்டால் அறியாமை வெளிப்படும் எனும் நாணமும், பெரியோரை வினவுதல் பணிவன்று எனும் தயக்கமும் இதற்குக் காரணங்கள்.

இவ்விரண்டிற்கும் இலக்கணமே மறுமொழி தருகிறது. அறியாமையால் வினவுவதை நன்னூல் வழுவென விலக்கவில்லை. முறையான வினா வகைகளுள் ஒன்றாகப் பெயரிட்டு வைத்தது. அன்றியும் அந்நூலின் பாயிரம், வினாதலையும் வினவப்பட்டவற்றிற்கு விடையளித்தலையும் கற்போர் தம் கடனாகக் கொண்டால் அறியாமை பெரிதும் நீங்கும் என்று அறிவுறுத்துகிறது. அடங்கிக் கேட்கும் மாணவரைப் போற்றும் அதே நூல் வினவும் மாணவரையும் போற்றுகிறது. பணிவும் வினாவும் பகையல்ல.

வினவுவோர்க்கு ஒரு பொறுப்பும் உண்டு. தான் கேட்பது அறிந்துகொள்ளவா, சோதிக்கவா, மடக்கவா என்று தன் உள்ளத்தைத் தானே நோக்கிக்கொள்ள வேண்டும். விடை கூறுவோர்க்கும் அத்தகைய பொறுப்பு உண்டு. மாணவரின் அறியா வினாவை ஆசிரியர் அறி வினாவாகக் கருதிச் சினந்தால், அம்மாணவர் மீண்டும் வாய் திறவார். 'இதுகூடத் தெரியாதா?' எனும் எதிர் வினா இலக்கணப்படி விடைபோலத் தோன்றினும் விடைப்பொருள் எதனையும் தருவதன்று.

முடிவுரை

ஸ்பானிய மொழி குரலாலும் குறியாலும் வினாவை உணர்த்துகிறது. தமிழ் எழுத்தாலும் சொல்லாலும் உணர்த்துகிறது. வடிவத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நெறி. வினவும் உள்ளமோ எம்மொழியார்க்கும் பொது. அவ்வுள்ளத்தை ஆறாகப் பகுத்துக் காட்டியது நம் இலக்கணம். அதனைத் தேர்விற்கு உரிய ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் படித்து மறத்தல் தகாது. பாடவேளையின் இறுதிப் பத்து நிமிடங்களை மாணவர் வினாவிற்கென ஒதுக்கினால் அறியா வினா மீண்டும் வகுப்பறைக்குள் வரும். மாணவச் செல்வங்கள் நாணாது வினவுக; ஆசிரியர்களும் பெரியோர்களும் முகமலர்ந்து விடை தருக. வினா நின்றுவிட்ட இடத்தில் கல்வியும் நின்றுவிடும்.