உஷார்! சுறா பின்தொடர்ந்தால் புறமுதுகு காட்டாதீர்கள்

எகிப்தின் செங்கடலுக்கு டைவிங் போகும் திட்டம் இருக்கிறதா? அதுவும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், பிரதர்ஸ் தீவுகள், டெடலஸ், எல்ஃபின்ஸ்டோன் பக்கமா? டிக்கெட் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

அங்கே உங்கள் பின்னாலேயே ஒன்று வரும். டைவர்கள் லாங்கிமானஸ் என்று சொல்லும் ஆழ்கடல் சுறா. நுனியில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக, வட்டமான முதுகுத் துடுப்பு. நீண்டு விரிந்த பக்கத் துடுப்புகள். கூடவே வரிபோட்ட குட்டி மீன்கள் நாலைந்து. பெரியது 3 மீட்டர் வரை இருக்கும். பாறையோரச் சுறாக்கள் பெரும்பாலும் ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும், இது ஒதுங்காது. நடுக்கடலில் இரை கிடைப்பது அபூர்வம் என்பதால், கண்ணில் பட்டதையெல்லாம் கிட்டே வந்து சோதித்துப் பார்ப்பதுதான் இதன் பிழைப்பு. முதலில் தூரத்தில் ஒரு சுற்று. அடுத்தது இன்னும் நெருக்கமாக. சுறாக்களிலேயே மிக ஆபத்தானது என்று கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோ சொன்னது இதைத்தான்.

2009-இல் செயின்ட் ஜான்ஸ் திட்டில் பிரெஞ்சுப் பயணி ஒருவர் இதற்குப் பலியானார். 2010 டிசம்பரில் ஷார்ம் எல் ஷேக்கில் அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களில் ஜெர்மானியப் பெண் ஒருவர் இறந்தார். கப்பல்களிலிருந்து ஆட்டுச் சடலங்களைக் கடலில் வீசியதும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2018 டிசம்பரில் சுறாத் தாக்குதல்களால் பிரதர்ஸ் தீவுகளில் டைவிங்கையே சில மாதங்கள் நிறுத்திவைத்தார்கள்.

சரி, பின்னால் வருகிறது. என்ன செய்வது?

ஓடாதீர்கள். ஃபினைப் பதறியடித்து உதைத்தால், அடிபட்ட மீன் துடிப்பதாகத்தான் அதற்குப் படும். வேகத்தில் எப்படியும் ஜெயிக்கப் போவதில்லை. மூச்சும் வாங்கும், டேங்க்கும் காலியாகும். திரும்பி நில்லுங்கள். படுத்த வாக்கில் இல்லாமல் செங்குத்தாக நின்று, அதன் கண்ணையே பாருங்கள். அது சுற்றினால் நீங்களும் கூடவே சுற்றுங்கள். நேருக்கு நேர் பார்ப்பவரைவிட, முதுகைக் காட்டுபவரிடம்தான் இது துணிந்து நெருங்கும். பாறைச் சுவர் பக்கத்தில் இருந்தால் அதில் முதுகைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஜோடியோடு முதுகோடு முதுகாக ஒட்டிக்கொள்ளுங்கள். குழுவிலிருந்து தனியே விலகி வீடியோ எடுப்பவர்தான் முதலில் மாட்டுவார். கைகளை மார்போடு மடக்குங்கள். ரொம்ப நெருங்கிவிட்டால் கேமராவைக் குறுக்கே நீட்டுங்கள். வெறுங்கையை நீட்டவே நீட்டாதீர்கள்.

உண்மையான சோதனை மேலேறும்போதுதான். 5 மீட்டரில் 3 நிமிடம் சேஃப்டி ஸ்டாப்புக்காக அந்தரத்தில் தொங்குகிறீர்கள். காற்று குறைந்திருக்கும், கவனம் படகின் மேல் இருக்கும். இந்தச் சுறாவோ மேல்மட்டத்திலேயே, பெரும்பாலும் படகுக்கு அடியிலேயே உலாத்தும். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விருட்டென்று மேலே போனால் நுரையீரல் கிழியும். சுறா தொடாமலேயே உயிர் போகலாம். டிகோ (உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலேறும் வழியில் நின்று வருவது) கட்டாயமில்லாத டைவ் என்றால், நிலைமை கைமீறும்போது அந்த 3 நிமிடத்தை விட்டுவிட்டு நிதானமாக மேலேறிவிடலாம். டிகோ பாக்கி வைத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே இந்த இடங்களில் டிகோ எல்லைக்குள்ளேயே டைவ் செய்யுங்கள், காற்றையும் தாராளமாக மிச்சம் வையுங்கள். வழிகாட்டி கை காட்டிய உடனே தண்ணீரை விட்டு வெளியேறுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு ஷாட்’ என்ற பேச்சே வேண்டாம்.

பாரகுடா, பெரிய பாரை மீன் எல்லாம்கூடப் பின்னால் வரும்தான். மினுங்கும் நகையைக் கழற்றி வைத்தால் போதும், அவற்றுக்கு இவ்வளவு கலவரம் தேவையில்லை. லாங்கிமானஸையும் வில்லனாக்க வேண்டாம். துடுப்புக்காக நாம் வேட்டையாடியதில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அது.

படகில் சாப்பாட்டு மிச்சத்தைக் கடலில் கொட்டுவதைப் பார்த்தால் சத்தம் போட்டுத் தடுங்கள். ஏறி உட்கார்ந்ததும் காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டு அரட்டை அடிக்காதீர்கள்!